ஒருத்தியேனும் உறங்கும் வரை

ஒரு பழைய கட்டடத்தை அறிய விரும்புகிறவர் மழை பெய்யும்போது போய் அதைப் பார்க்க வேண்டும். கூரையில் விழும் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் சுவரைத் தின்கிறது என்று அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். கட்டியவன் கெட்டிக்காரனா இல்லையா என்பது தெரிந்துவிடும். நான் அந்த மடத்தை முதன்முதலாகப் பார்த்தது அப்படி ஒரு மழையில்தான். 1992 நொவெம்பர்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்பது பெப்ரவரி மாதத்தை. மூன்று நாளாக அதையே கேட்கிறீர்கள். நான் பதில் சொல்லத் தொடங்கினால் மொழிபெயர்க்கும் பிள்ளை மொனிகா பாதி வழியில் நிறுத்தி, "ஐயா, அவை கட்டடத்தைப் பற்றிக் கேக்கேல்லை" என்கிறாள். அதனால்தான் கடதாசி கேட்டேன். தமிழில் எழுதுகிறேன், அவள் ஆறுதலாக மொழிபெயர்க்கட்டும். கட்டடத்தைச் சொல்லாமல் பெப்ரவரியைச் சொல்ல என்னால் முடியாது.

என் பெயர் இராசரத்தினம். வயது ஐம்பத்து நான்கு. யாழ்ப்பாணத்தில் பதினெட்டு ஆண்டுகள் அரசாங்கக் கட்டட வேலைகளுக்குப் படவரைஞனாக இருந்தேன். இத்தாலிக்கு, சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு, வந்தது 1988இல். மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு சீசா என்ற பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பின் படிகளைத் துடைத்தேன். அந்தப் படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று இரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம். அதைச் சொன்னபோது அங்கிருந்த சின்யோரா, வீட்டுக்கார அம்மா, என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதன்பின்தான் சியாகுல்லிப் பக்கம், மாண்டரின் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற பழைய ஊர் ஒன்றில், அந்த மடத்தில், காவலாள் வேலை கிடைத்தது. தங்க ஓர் அறையும் தந்தார்கள்.

இத்தாலியனில் அதை ஒஸ்பீசியோ என்பார்கள். மொனிகா அதை அநாதை இல்லம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது பிழை. எங்கள் ஊர்களில் வழிப்போக்கருக்கும் போக்கிடமில்லாதவருக்கும் யாராவது ஒரு செல்வர் தருமமாகக் கட்டிவைத்த மடங்கள் இருந்தன. இதுவும் அந்த வகைதான். ஆகவே மடம் என்றே எழுதுகிறேன்.

1764இல் தொன்னா எலெயொனோரா என்ற கைம்பெண் அதைக் கட்டுவித்தார். தன் கிராமத்தில் பிள்ளைகளில்லாத ஏழைக் கைம்பெண்கள் பன்னிரண்டு பேருக்கு. நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, மூன்று பக்கமும் பன்னிரண்டு அறைகள், நான்காம் பக்கம் சிறு தேவாலயம். ஒவ்வோர் அறையும் மூன்று மீற்றர் நாற்பதுக்கு இரண்டு மீற்றர் தொண்ணூறு. மேலே இருப்பது கல் வளைவு போலத் தோன்றும். கல் அல்ல. நாணற் தடிகளைப் பின்னி, அதன்மேல் சாந்து பூசிய வளைவு. கல்லின் பாரம் இல்லை. நிலம் நடுங்கினாலும் தலையில் விழாது. 1823இன் நிலநடுக்கத்தில் ஊரில் பாதி விழுந்தபோது இங்கே விழுந்தது சமையற்கட்டின் ஒரு சுவர் மட்டும். அதைத் திருத்தியவர்கள் வேறு சாந்து பாவித்திருக்கிறார்கள், நிறத்தில் தெரியும். இதையெல்லாம் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அப்பம் வைக்கும் மாடம். ஒவ்வோர் அறைக்கும் கதவுக்குப் பக்கத்தில், சுவரின் தடிப்புக்குள், வெளியிலும் உள்ளும் மூடிகொண்ட ஒரு மாடம் இருக்கிறது. நடையில் வருகிறவர் வெளி மூடியைத் திறந்து உணவை வைத்துவிட்டுப் போவார். உள்ளே இருப்பவர் உள் மூடியைத் திறந்து எடுத்துக்கொள்வார். கொடுக்கிறவர் முகத்தை வாங்குகிறவர் பார்க்க வேண்டியதில்லை. ஏழையின் மானத்தைக் காப்பதற்கென்றே ஒருவன் சுவரில் துளை போட்டிருக்கிறான். அதை முதலில் விளங்கிக்கொண்ட அன்று நான் வெகுநேரம் அந்த நடையிலேயே நின்றேன்.

வாசலுக்கு மேலே சலவைக்கல்லில் சாசனம். "இக்கூரையின்கீழ் ஏழை ஒருத்தியேனும் உறங்கும் வரை இவ்வீடு ஏழைகளுடையது. அதன்பின் என் குடும்பத்தாரிடம் மீள்வதாக."

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஐந்து பேர் உறங்கினார்கள். 1995இல் ஒருத்தி.

அந்த ஆண்டு கோடையில் குடும்பத்தாரின் வழக்கறிஞர் வந்தார். முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். இடித்துக் கட்டினால் இருபத்து நான்கு வீடுகள் வரும் என்று கூட வந்தவரிடம் சொன்னார். பிறகு என் தோளில் தட்டி, "கிழவி போன மறுநாள் கதவுத் திறப்பை வாங்க வருவேன், நீயும் வேறு வேலை பார்த்துவை" என்றார். கெட்ட மனிதரல்ல. எனக்கு ஒரு சிகரெட்டும் தந்தார். எனக்கு வேலையைப் பற்றிய கவலை இல்லை. கோப்பை கழுவும் வேலை எங்கும் இருக்கிறது.

நான் என் முதல் மடத்தை அளந்து வரைந்தது 1979இல், வலிகாமத்தில். ஒன்பது தாள்கள். ஓர் அலுவலகம் எரிந்தபோது அந்தத் தாள்கள் எரிந்தன. மடம் சில ஆண்டுகள் கழித்துக் குண்டு விழுந்து போயிற்று. இப்போது அது இருந்ததற்கு என் சொல்லைத் தவிர ஒரு சான்றும் இல்லை. என் சொல்லை யார் கேட்கிறார்கள்? இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. இரண்டாம் முறையும் அப்படி நடக்க விட எனக்கு மனமில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

ஆகவே வேலைக்குச் சேர்ந்த மறுமாதமே வரையத் தொடங்கியிருந்தேன். இரண்டு ஆண்டுகளில் நாற்பத்து மூன்று தாள்கள். பழைய கட்டடங்களைக் காப்பது தங்கள் வேலை என்று வாசலில் எழுதிவைத்திருந்த ஓர் அலுவலகத்துக்கு அவற்றைக் கொண்டுபோனேன். அதன் பெயர் வேண்டாம். முதல் நாள் வாசலில் இருந்தவர், துப்புரவு வேலைக்கு வருகிறவர்களுக்குப் பின்பக்கம் வழி என்றார். இரண்டாம் முறை என் பெர்மெஸ்ஸோவை, தங்கும் அனுமதிப் பத்திரத்தை, கேட்டு வாங்கி, இருபுறமும் பார்த்து, பட்டம் உண்டா என்று விசாரித்தார்கள். மூன்றாம் முறை ஒருவர் சுருளை வாங்கி அலுமாரியின்மேல் வைத்தார். ஓராண்டு கழித்துப் போனபோது அது அங்கேயே இருந்தது. அதன்மேல் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் ஊறி ஆறு தாள்களில் வட்டமாகக் கறை. அந்த ஆறையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதிதாக வரைந்து மறுபடி கொடுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கோப்பு திறந்திருக்கிறது, பரிசோதகர் ஒருவர் வருவார், காத்திருங்கள் என்றார்கள்.

காத்திருக்க வேண்டுமென்றால் அந்த ஒருத்தி உறங்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இது உங்களுக்கு விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

அவர் பெயர் நின்ஃபா. ஏழாம் அறை. ஒன்பது வயதிலிருந்து சியாகுல்லியில் மாண்டரின் பழங்களைப் பெட்டியில் அடுக்கியவர். விரல்கள் எல்லாம் ஒரு பக்கம் வளைந்திருக்கும். கணவர் இறந்து, பிள்ளையும் இல்லாமல் 1971இல் மடத்துக்கு வந்தார். என் பெயரைச் சொல்ல வராமல் ராசா என்று கூப்பிடுவார். எங்கள் மொழியில் அதற்கு அரசன் என்று பொருள் என ஒருநாள் சொன்னேன். அன்று முழுவதும் சிரித்தார். அவர் கதைத்தது சிசிலிப் பேச்சு. அதை நான் என் பேச்சிலேயே எழுதுகிறேன், வேறு வழி தெரியவில்லை.

நான் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அதை யாரும் மறுக்க முடியாது. கிணற்றுப் பக்கம் வழுக்காமல் கல் பதித்தேன். குளிக்க வார்க்கவும் துணி தோய்க்கவும் கிழமைக்கு இரண்டு நாள் கத்தரீனாவை வரச்சொன்னேன். கத்தரீனா மன்னார்ப் பெண், கோவிலுக்குப் போகத் தவறாதவள். நாலு வீட்டில் வேலை செய்கிறவள். பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போவதால் அவர்களோடு சேர்ந்து இத்தாலியன் வாசிக்கப் பழகியவள். அந்தக் கடைசி விஷயத்தை நான் அப்போது யோசிக்கவில்லை.

நின்ஃபாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

1996 செப்டெம்பரில் வடக்கே துரின் நகரத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கை ட்ஸீத்தா எழுதியது. தாயின் கடைசிக் காலத்தில் யார் பார்த்தது, யார் பார்க்காமல் விட்டது என்ற சண்டையில் இருவரும் முப்பத்தொரு ஆண்டுகள் கதைக்காமல் இருந்தவர்கள். நின்ஃபா கடிதத்தை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் தந்து, கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் மூன்று வரிகளை உள்ளபடி வாசித்தேன். கணவர் போய்விட்டார், முழங்கால் நோகிறது, துரினில் மழை. நான்காவது வரியில், வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, சுவரில் சூடேற்றும் கருவி இருக்கிறது, சாகுமுன் உன்னைப் பார்க்க வேண்டும், வா, என்று இருந்தது. நான் கடதாசியை மடித்தேன்.

"அவ்வளவுதானோ?" என்று கேட்டார்.

"உங்களுக்காகச் செபிக்கிறாவாம்."

"என்னை வரச் சொல்லேல்லையோ, ராசா?"

"இல்லை, சின்யோரா."

"ஓம்," என்றார். "அவள் அப்பிடித்தான்."

முன்கூட்டி நினைத்துச் செய்ததல்ல. ஆனால் செய்தபின் யோசித்துப் பார்த்தேன், அதில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. முப்பத்தொரு ஆண்டுகளாக இல்லாத தங்கை. எழுபத்தொன்பது வயதில் இரண்டு நாள் றயில் பயணம். மூன்றாம் மாடியில் முன்பின் தெரியாத ஓர் அறை. இங்கே அவருக்கென்றே இருநூறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய அறை.

பதிலை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "எழுது ராசா. நான் கோவத்தை விட்டிட்டன். கூப்பிட்டால் வருவன் எண்டு எழுது." நான் எழுதினேன்: இங்கே சுகமாக இருக்கிறேன். பயணம் செய்யும் வயதல்ல. நீயும் அலைய வேண்டாம். என் கையெழுத்து அழகானது, படவரைஞர்களுக்கு அப்படி. ட்ஸீத்தா அடுத்த கடிதத்தில் அதைப் பாராட்டியிருந்தார்.

பதினான்கு மாதங்களில் ஏழு கடிதங்கள். ஒவ்வொன்றிலும் வா என்று இருந்தது. ஒவ்வொரு முறையும் நின்ஃபா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார். நாலாவதோ ஐந்தாவதோ கடிதத்துக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டார். வாசித்து முடிந்ததும் "நல்லது" என்று எழுந்து போவார். உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

1997 நொவெம்பரில் அவருக்கு நெஞ்சுச் சளி கண்டது. வைத்தியர் வந்து பார்த்து, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது நல்லது, பிறகு சூடான ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்று கடதாசியில் எழுதித் தந்தார். மடத்தின் பழைய விதிகளில் முப்பது நாள் வெளியே இருப்பவரின் அறை வெற்றறை என்று ஒரு வரி உண்டு. நான் வைத்தியரிடம், அவர் வர மறுக்கிறார் என்றேன். நின்ஃபாவிடம், ஒன்றும் இல்லையாம், தேன் குடிக்கட்டுமாம் என்றேன். சியாகுல்லித் தேன் வாங்கிக் கொடுத்தேன். இருமல் குறைந்தது.

இத்தனை ஆண்டுகளில் பரிசோதகர் வரவே இல்லை. மாதம் ஒருமுறை போய்க் கேட்டேன். அடுத்த மாதம் என்றார்கள். அந்த அலுவலகத்தில் ஒரே ஒருவர் ஒரே ஒரு காலை நேரம் எழுந்து வந்திருந்தால், இன்று நான் இங்கே இருந்து இதை எழுத வேண்டியிருக்காது. இதை மொனிகா சரியாக மொழிபெயர்க்க வேண்டும்.

கடிதங்களை நான் எரித்திருக்கலாம். எரிக்கவில்லை. ஆவணத்தை அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. திகதி வாரியாக அடுக்கி என் அறையில் ஒரு பெட்டியில் வைத்திருந்தேன். டிசெம்பர் பன்னிரண்டாம் திகதி கத்தரீனா படுக்கை விரிப்புத் தேடி அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டாள். நான் கூரை ஓடு மாற்றிக்கொண்டிருந்தேன். ஏணியால் இறங்கி வந்தபோது முற்றத்தில் நின்றாள். கையில் கடைசிக் கடிதம்.

"அண்ணை, போன கிழமை நீங்கள் இந்தக் கடிதத்தை வாசிக்கேக்கை நானும் பக்கத்திலை நிண்டனான்," என்றாள். "நீங்கள் வாசிச்சது இதிலை இல்லையே."

நான் கையைத் துடைத்தேன். வீட்டைப் பற்றிச் சொன்னேன். சாசனத்தைப் பற்றி, இருபத்து நான்கு வீடுகளைப் பற்றி, நாணல் வளைவைப் பற்றி. அவள் கடைசிவரை கேட்டாள். நன்றாகக் கேட்கும் பெண்.

"எல்லாம் சரி அண்ணை," என்றாள். "மனிசி தங்கச்சிட்டைப் போக வேணும் எண்டு அழுதவ. எனக்கு முன்னாலை எத்தினை தரம் அழுதவ. சுவருக்கும் அப்பிடி அழத் தெரியுமோ?"

அவள் ஏழாம் அறைக்குப் போனாள். ஏழு கடிதங்களையும் வாசித்துக் காட்டினாள். நான் முற்றத்தில் நின்றேன். பிறகு நின்ஃபா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "உன்னை நம்பினன், ராசா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு துணிப் பொதி கட்டத் தொடங்கினார்.

டிசெம்பர் இருபத்திரண்டாம் திகதி கத்தரீனா வந்து அவரை றயில் நிலையத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நத்தாருக்குத் தங்கையிடம் இருப்பார். கத்தரீனா ட்ஸீத்தாவுக்குத் தன் கைப்பட எழுதி, தன் தொலைபேசி இலக்கத்தையும் போட்டாள். கடிதங்களை அவள் வாசித்துக் காட்டிய அன்றே நான் அலுவலகத்துக்குப் போனேன். பரிசோதகர் பெப்ரவரியில் நிச்சயம் வருவார் என்றார்கள். திகதியே சொன்னார்கள், பதினாறு. ஐந்து ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு திகதி. நின்ஃபா புறப்படும் நாளிலிருந்து எட்டுக் கிழமை. ஐந்து ஆண்டுகள் காத்த பிறகு எட்டுக் கிழமைக்காகத் தோற்பதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இருபதாம் திகதி நின்ஃபாவின் பெயரில் துரினுக்குத் தந்தி அடித்தேன். சுகமில்லை, பயணம் பிற்போடப்படுகிறது, ஈஸ்டருக்குப் பின் வருகிறேன். இருபத்தோராம் திகதி காலை கத்தரீனாவின் வீட்டுக்குப் போய், ட்ஸீத்தாவின் உறவுக்காரப் பையன் ஒருவன் காரில் வந்து நேற்றே கூட்டிப்போய்விட்டான் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. என்னைப் பற்றி அவளுக்கு மனக்கசப்பு இருந்தது, அது அப்போதே கரைந்ததைப் பார்த்தேன். "பரவாயில்லை அண்ணை, நீங்களும் நல்ல மனத்தோடைதானே அனுப்பி வைச்சிருக்கிறியள்" என்றாள். பயணத்துக்கென்று பின்னி வைத்திருந்த கம்பளிச் சால்வையைத் தந்து, தபாலில் அனுப்பச் சொன்னாள். அதை நான் நின்ஃபாவிடமே கொடுத்தேன். ஆக, அது உரியவரிடம் சேர்ந்தது.

அதன்பின் நின்ஃபா அறையை விட்டு வெளியே வரவில்லை.

சாப்பாட்டை மாடத்தில் வைத்தேன். காலையில் பாலும் அப்பமும், மத்தியானம் சூப்போ பாஸ்தாவோ, மாலையில் பழம். தொன்னா எலெயொனோரா நினைத்த அதே விதமாக அந்த மாடம் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வேலை செய்தது. மலசலத்துக்கு வாளி வைத்து எடுத்தேன். முதல் நாட்களில் கதவைத் தட்டுவார். ராசா, ராசா என்று கூப்பிடுவார். தோட்டங்களில் அது அறுவடைக் காலத்துக்கு முந்திய மாதம், பக்கத்தில் ஆட்கள் குறைவு. மாடத்தின் வழியாக நான் அவரோடு கதைத்தேன். பெப்ரவரி பதினாறு வரைக்கும்தான் என்று விளக்கினேன். பிறகு நானே றயில் ஏற்றிவிடுவேன், சத்தியம் செய்கிறேன் என்றேன். அது பொய்யல்ல. செய்திருப்பேன்.

"நான் இஞ்சை செத்துப் போவன், ராசா," என்றார்.

"இல்லை சின்யோரா. இது நல்ல அறை. குளிர் காத்து இந்தப் பக்கம் வராது."

ஜனவரி நடுவில் உணவு தொடாமல் திரும்பி வரத் தொடங்கியது. நான் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவர் உண்பதும் உண்ணாததும் அவருடைய உரிமை. இருமல் திரும்பி வந்தது. தேன் வைத்தேன். தேனும் திரும்பி வந்தது. அந்த ஜனவரியில் எட்டு நாள் தொடர்ந்து மழை. ஏழாம் அறையின் வளைவில் வடமேற்கு மூலையில் ஈரம் படர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், வாளியை எடுக்கும் அந்தக் கணத்தில் அண்ணாந்து நின்று பார்க்க முடியாமல் தவித்தேன். பெப்ரவரி ஆறாம் திகதி, வெள்ளிக்கிழமை, காலையில் இருமல் கேட்கவில்லை.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஏன் அன்றே யாருக்கும் அறிவிக்கவில்லை? பங்குத் தந்தையிடம் போக வெளிக்கிட்டேன். சப்பாத்தும் போட்டுவிட்டேன். வாசலில் சாசனத்தின்கீழ் நின்று நாட்களை எண்ணிப் பார்த்தேன். பத்து நாள். குளிர்காலம். சாந்து குழைக்க வாங்கிய சுண்ணாம்பு என்னிடம் நிறைய இருந்தது. சால்வையால் போர்த்து, கைகளைக் கூட்டி வைத்தேன். அவருடைய செபமாலையையும் வைத்தேன். பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் அவருடைய துணிகளை நனைத்துக் கொடியில் போட்டேன். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, இரண்டு உள்ளங்கி, ஒரு மேலங்கி. மாலையில் எடுத்தேன்.

பதினாறாம் திகதி பரிசோதகர் வந்தார். இளம் பெண், கட்டடக்கலை படித்தவர். வந்தவுடன் என் தாள்களை முற்றத்து மேசையில் விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்பத்து மூன்றையும். இந்த நாட்டில் யாரும் என் வேலையை அப்படிப் பார்த்ததில்லை. மாடத்தின் வெட்டுமுகப் படத்தில் விரலை வைத்து, இதை நீங்கள்தானா கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். அறைகளைப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஏழாம் அறைக்கு முன்னால், சின்யோரா உறங்குகிறார் என்றேன். அவர் தலையை அசைத்து, குரலைத் தாழ்த்தி, அந்த இடத்தை நுனிக்காலில் நடந்து கடந்தார்.

கோப்பி குடிக்கும்போது சாசனத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சட்டத்தால் அந்த வாசகம் எப்போதோ செல்லாமல் போய்விட்டது, குடும்பத்தாருக்கு இதில் ஓர் ஓடுகூடச் சொந்தமில்லை, வழக்கறிஞர் சும்மா வெருட்டியிருக்கிறார் என்றார். அது மட்டுமல்ல, போன கோடையிலேயே இந்தக் கட்டடத்தைத் தற்காலிகமாகக் காப்புப் பட்டியலில் சேர்த்தாயிற்றாம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரும் இடிக்க முடியாதாம். உங்கள் வரைபடங்களால்தான், ஒருவரும் உங்களுக்கு அறிவிக்கவில்லையா என்று கேட்டார்.

எனக்கு எரிச்சல் வந்தது. மறைக்க விரும்பவில்லை. ஒரு கடிதம் போட்டிருக்கலாமே. ஒரு முத்திரை, நாலு வரி. இந்த நாட்டில் மனிதரை எழுத்து விஷயத்தில் எவ்வளவு அலட்சியமாக நடத்துகிறார்கள் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். ட்ஸீத்தா, தமக்கையின் சுகம் விசாரிக்கக் கத்தரீனாவின் இலக்கத்துக்கு எடுத்திருக்கிறார். அவ உங்களோடை இல்லையோ என்று கத்தரீனா கேட்டிருக்கிறாள். பத்தொன்பதாம் திகதி மத்தியானம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். ட்ஸீத்தா ஊன்றுகோலோடு, சிறிய உருவம். கையில் ஒரு தடித்த குளிர்ச்சட்டை, புதியது, விலைத்துண்டு இன்னும் கழற்றாமல். கொடியில் காய்ந்த காலுறைகளைக் கண்டதும் அவர் முகம் ஒளிர்ந்தது. எந்த அறை என்று கேட்டார். காட்டினேன். வழியில் மாடத்தைப் பற்றி விளக்கினேன். அவர் கேட்கவில்லை. அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்.

கத்தரீனா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிறகு அவள் கதவைத் திறந்தாள். ட்ஸீத்தா அந்தச் சட்டையைக் கொண்டுபோய்த் தமக்கையின்மேல் போட்டு, கழுத்துப் பொத்தானைப் பூட்ட முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் அவருக்கும் வளைந்தவை. வெகுநேரம் ஆயிற்று.

நீங்கள் கொலை என்ற சொல்லைப் பாவிக்கிறீர்கள். மொனிகா அதை மொழிபெயர்க்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறாள். நான் அந்தச் சொல்லோடு சண்டைபோட வரவில்லை, எந்தச் சொல்லை எழுதினாலும் கையெழுத்திடுகிறேன். ஆனால் நான் அந்த அம்மாவை அவருடைய வீட்டில், அவருடைய கட்டிலில், அவருக்கென்று கட்டிய கூரையின்கீழ் வைத்திருந்தேன். கட்டுவித்தவர் வேறெதையும் விரும்பவில்லை. அந்த வீட்டை என்னளவு விளங்கிக்கொண்டவர் யாரும் இல்லை, அதில் இருந்தவரையும் அப்படித்தான்.

வேண்டுகோள் ஒன்று இருக்கிறது. என் தாள்களைச் சான்றாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். முப்பத்தோராம் தாளில், ஏழாம் அறையின் கதவில், தாழ்ப்பாளை உட்புறம் வரைந்திருக்கிறேன். வரைந்த நாளில் அது சரி. டிசெம்பர் இருபதாம் திகதி நான் அதைக் கழற்றி வெளிப்புறம் பூட்டினேன், நாலு ஆணி. தாளை மாற்ற நேரம் கிடைக்கவில்லை. யாராவது ஒருவர், நல்ல கூரான பென்சிலால், அதைத் திருத்திவிட வேண்டும். அளந்து வரைந்த படத்தில் பொய் இருக்கக் கூடாது.